கடல் பக்கம் சாயும் வெளிச்சம்

செத்துப்போன மானிட்டரின் கண்ணாடியிலிருந்து பிலிமை உரித்துக்கொண்டிருக்கிறேன், நெத்திலி. ஒரு மூலையை பிளேடால் நெம்பி, விரல் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கி, மெதுவாக, ரொம்ப மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் கிழிந்துவிடும். உனக்குத் தெரியாததா! அடியிலிருக்கும் பசையில் காற்று பட்டதும் ஒரு வாசனை கிளம்புமே, புளித்த தயிரும் புதுச் செருப்பும் சேர்ந்த மாதிரி? அது மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய்.

"என்னடி இது, ஆத்துக்குள்ள ஒரே நாத்தம்! காலம்பரலேர்ந்து அந்த டப்பாவைக் கட்டிண்டு உக்காந்திருக்கே. சாப்பிட வரப்போறியா இல்லையா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்.

"ரெண்டு நிமிஷம்மா."

"உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு இருந்தாலாவது உன்னை இழுத்துண்டு வந்து தட்டு முன்னாடி உக்கார வெப்பா."

சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவது போலக் கொஞ்ச நேரம் சத்தம் பண்ணினாள். நான் பிலிமை இழுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். நீ சொன்னதுதான்.

நாம் சந்தித்த கதையை இப்போது யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். குவாண்டம் பைத்தியங்களின் அந்த ஆன்லைன் குரூப்பில் உன் முகப்புப் படம் ஒரு நெத்திலி மீன். நீ டைப் பண்ணிய இங்கிலீஷைப் பார்த்து, ஏதோ வெளிநாட்டில் ஆராய்ச்சி பண்ணுகிற பெண் மீன் படத்தை வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்திருந்தேன். நான் யாரிடமும் படித்ததில்லை, எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான் என்று ஒருநாள் எழுதினேன். "நானும் அப்படித்தான்" என்று நீ தமிழில் பதில் போட்டாய். குதித்துவிட்டேன்! அன்றே குரலில் பேசினோம். ஆடி மாசம். உன் பேச்சுக்குப் பின்னால் மைக் செட்டில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்: "கூழு வாங்க வந்தவங்க வண்டிய நடு ரோட்டுல போட்டுக்கினு கீறீங்க, தயவு செஞ்சி எடுங்கப்பா!" அதே குரல், அதே வார்த்தைகள், என் ஜன்னல் வழியாகவும் வந்தன. ஃபோனில் கொஞ்சம் பிந்தி, ஜன்னலில் கொஞ்சம் முந்தி.

"நீ எங்க இருக்கே?" என்றேன்.

"ஊரூர் குப்பம். நீ?"

"பெசன்ட் நகர்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அந்தச் சாயங்காலமே கடற்கரையில் சந்தித்தோம். என் அடையாளத்துக்கு நான் கூலிங் கிளாஸை ஃபோன் திரைக்கு முன்னால் பிடித்துத் திருப்பிக்கொண்டு நிற்பேன் என்று சொல்லியிருந்தேன். திருப்பத் திருப்பத் திரை கறுத்துப்போகும். நீ தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தாய்.

"இன்னா மச்சி, இவ்ளோ குட்டியா கீற? நீ குரூப்ல சண்ட போட்டத பாத்து ஆறடி ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

எங்கள் குடும்பம் மயிலாப்பூரிலிருந்து குடிவந்தது என்று தெரிந்ததும் எனக்கு 'மயிலாப்பூரு' என்று பெயர் வைத்தாய். நான் மீன் தின்ன மாட்டேன் என்றதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாய். "அப்போ எங்கம்மா உனக்கு இன்னாத்த துன்ன குடுக்கும்?"

உருளைக்கிழங்கு வறுவல். அதுதான் அதற்குப் பிறகு எப்போதும்.

நாம் செய்யப்போனதை இதைப் படிக்கிற வேறு யாருக்காவது புரிய வேண்டுமானால் கொஞ்சம் விளக்க வேண்டும். நீ கொட்டாவி விடு, பரவாயில்லை. வெளிச்சம் தான் போகிற பாதைக்குக் குறுக்கே அதிர்ந்துகொண்டே போகிறது. அந்த அதிர்வை ஒரே திசையில் நிற்க வைப்பதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் தளவிளைவு என்று போட்டிருந்தார்கள். மானிட்டர் பிலிமின் வேலை அதுதான்: ஒரு திசையில் அதிர்வதை மட்டும் விடும், குறுக்கே வருவதைத் தடுக்கும். நாம் நான்கு திசைகளை எடுத்துக்கொண்டோம். நீ வைத்த பெயர்கள்: நிக்கிறது, படுக்கிறது, சாயிறது, எதிர்ச்சாயிறது. முதல் இரண்டும் நேர் ஜோடி. மற்ற இரண்டும் சாய்வு ஜோடி.

நீ ஏதோ ஒன்றை அனுப்புவாய். நான் இரண்டு ஜோடிகளில் ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டு பார்ப்பேன். பிறகு எந்த ஜோடி என்று மட்டும் ஃபோனில் ஒத்துப்பார்ப்போம். ஜோடி பொருந்தியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிப்போடுவோம். மிஞ்சியதுதான் சாவி, நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவி. நடுவில் ஒருவன் பார்க்க முயன்றால் அவன் கை பட்டு வெளிச்சம் கெடும், சாவியில் பிழை ஏறும். பிழை நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டினால் சாவியைக் குப்பையில் போட வேண்டும். இதுதான் குவாண்டம் மறையாக்கம். உண்மையான கருவிகள் ஒளியை ஒற்றை ஒற்றைத் துகளாக அனுப்பும். நம்முடையது பச்சை எல்.இ.டி. பொம்மைதான், நமக்கே தெரியும். ஆனால் ஒரு பிரச்சினை பெரிய கருவிக்கும் பொம்மைக்கும் ஒன்றே. நடுவில் திருடன் இருந்தாலும் பிழை வரும். உன்னுடைய 'நேர்' என்னுடைய 'நேரை'விடக் கோணலாக இருந்தாலும் பிழை வரும். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

அனுப்பும் கருவியை நீ உன் அண்ணனின் பழைய தெர்மாகோல் ஐஸ் பெட்டிக்குள் கட்டினாய். மீன் வாசனை அடிக்கும் குவாண்டம் கருவி உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும்! தி.நகர் கடைப் புடவை வந்த அட்டைப் பெட்டியின் மூடியை வெட்டி, மேலிருந்து கீழாக நான்கு துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு பிலிம் துண்டை அதனதன் சாய்வில் ஒட்டினாய். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விளக்கு. மாங்காய்ப் படம் அச்சடித்த பக்கம் வெளியே பார்த்தபடி அட்டையைச் செருகி, உன் வீட்டு மொட்டை மாடியில், வலைக் குவியல் பக்கத்தில் வைத்தாய். ஒரு லென்ஸும், சுழலும் வளையத்தில் மாட்டிய பிலிமும் கொண்ட வாங்கும் கருவி எங்கள் அடுக்ககத்தின் மாடியில். உன் மாடி வடக்கே, என் மாடி தெற்கே, பக்கத்தில் கடல். பொழுது சாய்ந்ததும் உன் பச்சைப் புள்ளி என் லென்ஸில் விழுந்தபோது நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு மாமா மேலே ஓடிவந்தார்.

பிழை, நூற்றுக்கு ஐம்பது.

மறுநாளும் ஐம்பது. அடுத்த வாரமும் ஐம்பது. குரூப்பில் நாம் 'பிஎச்டி அண்ணா' என்று கூப்பிடும் ஆள் இருக்கிறாரே, அவர் விடவே இல்லை. "பூவா தலையா போட்டாலே அம்பது வருமேம்மா. அதுக்கு எதுக்கு ரெண்டு மாடி, ஒரு ஐஸ் பெட்டி?" அதற்கு எத்தனை பேர் சிரிப்புப் படம் போட்டார்கள்! எனக்கு அழுகையே வந்தது. நீ கணக்கை மட்டும் பிரித்துப் போடச் சொன்னாய், நேர் ஜோடி தனியாக, சாய்வு ஜோடி தனியாக.

பிரித்ததும் தெரிந்தது. நேர் ஜோடியில் கிட்டத்தட்ட எல்லாம் சரி. சாய்வு ஜோடியில் கிட்டத்தட்ட எல்லாம் தப்பு.

"போச்சு, சாய்வு பாதி மொத்தமும் வேஸ்ட்," என்றேன்.

"லூசாடி நீ?" என்றாய் ஃபோனில். உன் குரலில் கொண்டாட்டம். "பாதி தப்புன்னாதான் பேஜாரு. முழுசா தப்புன்னா அது தப்பே இல்ல மச்சி. திருப்பி வெச்ச சரி. எங்கியோ ஒண்ண நாம திருப்பி வெச்சிக்கினு கீறோம். எங்கன்னு தேடு."

எங்கே என்று மறுநாள் காலையில் தெரிந்தது. பெட்டியைப் பார்க்க நான் குப்பத்துக்கு வந்திருந்தேன். கடலுக்குப் போன படகுகள் திரும்பும் நேரம். உன் அண்ணனின் ஃபைபர் படகை மணலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீ கரைப் பக்கம் நின்று முன்னால் கட்டிய கயிற்றை இழுத்தாய். உன் அண்ணன் எதிரே, தண்ணீர்ப் பக்கம் நின்று பின்னாலிருந்து தள்ளினார்.

"வலது பக்கம் தள்ளுணா!" என்று நீ கத்தினாய்.

அவர் தள்ளினார். படகு தப்பான பக்கம் திரும்பியது.

"வலதுன்னா இன்னாணா இப்டி தள்ற?"

"யாரோட வலது? உன்துதா, என்துதா? எதுத்தாப்புல நின்னுக்கினு வலதாம் எடதாம்! வடக்காலன்னு சொல்லு, தெக்காலன்னு சொல்லு. ஃபோன நோண்டி நோண்டி தெசயே மறந்துபோச்சா உனுக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கயிற்றை அப்படியே கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். "மச்சி!"

"ஏய், கயித்த புடிடி!" என்று உன் அண்ணன் அலறினார்.

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நம் தலைமுறை மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. சாய்வுக் கோணத்தை நாம் வீடியோ காலில்தானே ஒத்துப்பார்த்தோம்? நீ உன் மாடியில் என்னைப் பார்த்து நின்று வலது கையைத் தூக்கி வலப்பக்கம் சாய்த்தாய். நான் என் மாடியில் உன்னைப் பார்த்து நின்று என் வலது கையைச் சாய்த்தேன். திரையின் மூலையில் என் சின்னப் படத்தில் கை வலப்பக்கம் சாய்ந்து தெரிந்தது. உன் மூலையில் உன்னுடையதும் அப்படியே என்றாய். பெரிய படத்தில் எதிராளியின் கை மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. "அது ஆப்பு திருப்பிக் காட்டுது, கண்டுக்காத" என்றாய். நானும் பெரிய அறிவாளி போலத் தலையாட்டினேன். உண்மை நேர்மாறு! ஆப் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டுவது நம் சொந்தப் படத்தை. எதிராளியை உள்ளபடியே காட்டுகிறது. நம் முகத்தை நம்பினோம், எதிரே இருந்த உண்மையைக் கோளாறு என்று தள்ளிவிட்டோம். எதிரெதிரே நிற்கிற இரண்டு பேரின் வலது ஒன்றாக இருக்கவே முடியாது என்பது உன் தெருவில் படகு தள்ளும் எல்லாருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் ஃபோனுக்குள் போனதும் அதை வெளியே விட்டுவிட்டோம்.

அன்று சாயங்காலம் ஒரே நிமிடத்தில் சரிசெய்தாய். அட்டையை உருவி, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பிச் செருகினாய். நின்றது நின்றபடி, படுத்தது படுத்தபடி இருந்தன. சாய்ந்த இரண்டு மட்டும் பக்கம் மாறின. மாங்காய்ப் படம் பெட்டிக்குள் போய்விட்டது, மொட்டைப் பழுப்பு அட்டை வெளியே வந்தது. "அயகு போச்சி, ஆனா அறிவு வந்துச்சி" என்றாய். அதோடு ஒரு சட்டமும் போட்டாய்: இனிமேல் நமக்குள் வலது, இடது கிடையாது. கடல் பக்கம், ரோட்டுப் பக்கம். அவ்வளவுதான்.

பிழை பதிமூன்றுக்கு இறங்கியது, பதினொன்றுக்குக் கீழே போக இன்னும் நுணுக்கமாகத் திருப்ப வேண்டியிருந்தது. அதற்கப்புறம் வந்த சாயங்காலங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. நீ 'நிக்கிறது' விளக்கை மட்டும் எரியவிடுவாய். நான் என் பிலிமைப் படுக்க வைத்து வளையத்தைத் திருப்பிக்கொண்டே வருவேன். முதலில் நான் அதிக வெளிச்சம் வரும் இடத்தைத்தான் தேடினேன். நீ திட்டினாய். "வெளிச்சத்த தேடாத மச்சி. அது சோம்பேறி. கொஞ்சம் கோணலா போனாலும் அதே வெளிச்சம்தான் காட்டும். இருட்ட தேடு. இருட்டு கரெக்டா ஒரு எடத்துலதான் கீது." அப்படியே செய்தேன். பச்சை மங்கும், மங்கும், ஒரு மயிரிழையில் சுத்தமாக அணையும். "நில்லு!" என்பேன். "நான் எங்க நவுந்தேன், நீ நில்லு" என்பாய்.

காற்றில் தெர்மாகோல் ஆடியது, மேலே செங்கல் வைத்தாய். வலை இழுக்க வந்தவர் பெட்டியில் இடித்தார், மறுபடி தேடினோம். ஒருநாள் பிழை ஒன்பதுக்கு வந்தது. ஒரே ஒருநாள்தான், ஆனால் வந்தது! நீ அதே மூச்சில் குரூப்பில் போய் எழுதினாய்: "வர ஞாயித்துக்கெயம எல்லாரும் மயிலாப்பூரு வூட்டு மாடிக்கு வாங்க. எங்க மாடிலேர்ந்து வெளிச்சம் வரும். பாத்துட்டு அப்பறம் பேசுங்க." அழித்துவிடு என்றேன். நீ அழிக்கவில்லை. நீ அப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. தள்ளிவைத்தோம். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து நீ பேசியபோது குரல் சின்னதாக இருந்தது. "நான் வர்ற வரிக்கும் தள்ளிக்கினே போவாத. பசங்க மறந்துருவாங்க. அண்ணங்கிட்ட சொல்லிக்கீறேன், பொட்டிய அவன் ஏத்துவான். நீ காமி." சரி என்றேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த முறை உன் எண்ணிலிருந்து வந்த அழைப்பில் பேசியது உன் அண்ணன்.

உன் வீட்டுக்கு வர எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. வந்தபோது பெட்டி வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பளிச்சென்று, வெள்ளையாக. உன் அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இதுல அவ வாசன கீதுன்னு கயுவாம வெச்சிருந்தேம்மா. தெனம் மோந்து பாப்பேன். அப்பறம் பாத்தா, அது மீன் வாசன. அதான் கயுவிட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்துக்கு இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை. அழுகை எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று தெரியாது.

உன் அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். "அவ என்னாண்ட சொல்லிட்டா. பொட்டிய நான் ஏத்தறேன். விளக்கு, அட்ட, செங்கல்லு, எல்லாத்தையும் இருந்த மாதிரியே வெச்சிட்றேன். நீ சொல்றத செய்யறேன். ஆனா ஒண்ணு, பத்து பேர் முன்னாடி என் தங்கச்சி சொன்னது பொய்யுன்னு ஆவக்கூடாது."

எனக்கும் அதுதான் வேண்டும். அது மட்டும்தான் வேண்டும்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் குரூப் ஆட்கள் பத்துப் பேருக்கு மேல். ஆழ்வார்பேட்டையிலிருந்து பிஎச்டி அண்ணா குடையோடு வந்திருந்தார். அம்மா எல்லாருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தாள். "எல்லாரும் நின்னுண்டே இருக்கேளே, உக்காருங்கோ" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் உட்காரவில்லை. பொழுது சாய்ந்தது. உன் மாடியில் பச்சை தெரிந்தது, ஆனால் என் லென்ஸுக்கு நேராக இல்லை. நான் ஃபோனில் உன் அண்ணனிடம் பதற்றமாகச் சொன்னேன்: "அண்ணா, பெட்டிய கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க."

மறுமுனையில் பெட்டி மேலிருந்த செங்கல் நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "யாரோட வலதும்மா?"

படகு மணலில் ஏறிய அந்தக் காலை ஞாபகம் வந்தது. என் பதற்றம் அப்படியே அடங்கிவிட்டது, நெத்திலி. அது எப்படி என்று எனக்கு இன்றும் விளக்கத் தெரியாது. "கடல் பக்கம்ணா," என்றேன். "கடல் பக்கம் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நில்லுங்க."

வெளிச்சம் வந்தது. இருட்டைத் தேடினேன், கிடைத்தது. நிரலை ஓடவிட்டேன். எல்லாரும் திரையைச் சுற்றி நெருங்கினார்கள். எண் ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றது.

ஐம்பது.

யாரோ உச்சுக்கொட்டினார்கள். பிஎச்டி அண்ணா குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, உண்மையிலேயே அன்பாகச் சொன்னார்: "பரவாயில்லம்மா. நீ ட்ரை பண்ணதே பெரிசு. அந்தப் பொண்ணு இருந்திருந்தா..."

"ஒரு நிமிஷம்," என்றேன்.

பிரித்துப் போட்டேன். நேர் ஜோடி: எல்லாம் சரி. சாய்வு ஜோடி: எல்லாம் தப்பு. முழுசாகத் தப்பு!

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அத்தனை பேரும் பயந்துபோனார்கள். அம்மா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்தப் புடவைக் கடை அட்டை இருக்கே, மாங்காய் எந்தப் பக்கம் பாக்குது?"

"வெளியதான். சும்மா மொட்டயா கீதேன்னு, அயகா கீற பக்கத்த முன்னால வெச்சேன். இன்னா, தப்பா?"

"தப்பில்லண்ணா. திருப்பி வெச்ச சரி. மாங்காய உள்ள தள்ளுங்க."

"அயகு போவுமே?"

"போவட்டும்ணா!"

உன் மாடியில் பச்சை அணைந்தது. நாங்கள் காத்திருந்தோம். மறுபடி பச்சை வந்தது. மறுபடி இருட்டைத் தேடினேன். மறுபடி ஓடவிட்டேன். எண் பதினைந்தில் தொடங்கியது, பன்னிரண்டுக்கு வந்தது, பதினொன்றில் கொஞ்சம் மல்லுக்கட்டியது, இறங்கியது. எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில் ஆடி நின்றது.

எல்லாரும் கத்தினார்கள். கீழ்வீட்டு மாமா மறுபடியும் ஓடிவந்தார். நான் ஃபோனில் உன் அண்ணனிடம் சொன்னேன்: "சாவி வந்துடுச்சுண்ணா. அவ லேப்டாப்ல ஒரு கட்டம் திறந்திருக்கும். அதுல ஒரு வரி எழுதி அனுப்புங்க. அது சாதாரண இன்டர்நெட்லதான் வரும், ஆனா இந்தச் சாவி இல்லாம யாராலயும் படிக்க முடியாது. நீங்களும் நானும் மட்டும்தான்."

"இன்னா எழுத?"

"உங்க இஷ்டம்ணா."

ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதை என்னால் பார்க்காமலே பார்க்க முடிந்தது. கடைசியில் புரியாத எழுத்துக் குவியல் ஒன்று வந்து விழுந்தது. சாவியைப் போட்டேன். அது விரிந்தது.

'உருளகெயங்கு வறுத்துகீது. அம்மா வரசொல்சி.'

பத்துப் பேர் அதைப் படித்தார்கள். சென்னையிலேயே அன்றைக்கு அதைவிடப் பத்திரமாகப் பூட்டிய ரகசியம் வேறு இருந்திருக்காது. பிஎச்டி அண்ணா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா இது குவாண்டம் இல்ல, தெரியும்ல?" என்றார். "தெரியும்ணா," என்றேன். "அவளுக்கும் தெரியும்." அன்று அவரையும் கூட்டிக்கொண்டுதான் உன் வீட்டுக்கு வந்தேன். வறுவலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உன் அம்மா அவரை "இன்னா சார், வூட்ல சோறு போட மாட்டாங்களா?" என்று கேட்டதை குரூப்பில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

இப்போது நான் ஃபைபர் கேபிளில் இறங்கியிருக்கிறேன். வெளிச்சம் கண்ணாடி இழைக்குள்ளேயே வளைந்து வளைந்து போகும். அங்கே சிக்கல் இன்னும் பெரிது. இழையைக் கொஞ்சம் முறுக்கினால் போதும், அம்மா துடைப்பத்தால் தட்டினால் போதும், வெயில் ஏறினால்கூடப் போதும், உள்ளே போன திசை வேறு திசையாக வெளியே வரும். அந்த இழைக்குள் கடல் பக்கமும் இல்லை, ரோட்டுப் பக்கமும் இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் தெரிந்த ஒரு வெளிச்சத்தை முதலில் அனுப்பி, அந்த முனையில் அது எப்படித் தெரிகிறது என்று கேட்டு, அதற்கேற்ப இங்கே திருப்பிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் நடுநடுவே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சரிசெய்துவிட்டோம், முடிந்தது என்பதே கிடையாது. முன்பென்றால் எரிச்சல் வந்திருக்கும். இப்போது வருவதில்லை. கேட்டால் சரியாகும் என்று எனக்குத் தெரியும்.

அந்த முதல் கேள்வியைக் கேட்கும் நிரல் துண்டுக்கு 'யாரோட_வலது' என்று பெயர் வைத்தேன். எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிட்டேன், யாரும் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கிறார்கள், நெத்திலி! எங்கெங்கோ இருப்பவர்கள், தங்கள் மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதலில் உன் வீட்டுக் கேள்வியைத்தான் ஓடவிடுகிறார்கள். இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். பெரிதாக எழுத ஆரம்பித்தேன், அழித்தேன். 'எதிரில் இருப்பவரைக் கேட்காமல் தொடங்காதே என்று அர்த்தம்' என்று மட்டும் போட்டேன். அவர் கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஃபோன் அடிக்கிறது. உன் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை தவறாது. "இன்னாம்மா, பொட்டிய ஏத்தட்டா? மாங்காய் உள்ளதான் கீது, பாத்துட்டேன்." இன்று கேபிள் வேலை இருந்தாலும் அதை ஒத்திவைப்பேன். சாயங்காலம் அவர் பச்சையை அனுப்புவார், நான் இருட்டைத் தேடுவேன், ஒரு சாவி வரும், அதில் அவர் ஒரு வரியைப் பூட்டி அனுப்புவார். பெரும்பாலும் சாப்பாடு பற்றித்தான்.

"ஏத்துங்கண்ணா," என்றேன். "கடல் பக்கம் பாத்து."

பேசிக்கொண்டே இழுத்ததில் பிலிமின் கடைசி மூலையும் வந்துவிட்டது. கோடில்லை, கிழியவில்லை. ஃபோன் திரைமேல் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். மங்குகிறது, மங்குகிறது, அணைகிறது. முழுசாக வந்திருக்கிறது, நெத்திலி. அம்மா தட்டு போட்டுவிட்டாள், சாப்பிடப் போகிறேன்.